டெட்டா ஹெக்ஸான்னு கேட்டதுக்கு: மூணு மெஷ்ல மூணு ஸ்ட்ரெஸ் ஏன் வருது

ஃபைனைட் எலிமென்ட் அனாலிசிஸ்ல பார்ட்டை எலிமென்ட்னு சின்னச் சின்ன துண்டுகளா பிரிக்கிறோம், அந்தப் பிரிப்பு தான் மெஷ், துண்டுகளோட மூலைப் புள்ளிகள் நோட். துண்டு நாலு முகம்னா டெட், செங்கல் மாதிரி ஆறு முகம்னா ஹெக்ஸ். நீங்க கேட்டது மேலோட்டமா பார்த்தா "டெட் நல்லதா ஹெக்ஸ் நல்லதா"ன்னு தான் இருக்கு, ஆனா கூடவே நீங்க போட்டிருக்கிற நம்பரைப் பார்த்தா கேள்வி அது இல்லைன்னு தோணுது. 4 மிமீ தடிமன்ல ஒரு அலுமினிய எல் பிராக்கெட், வளையுற இடத்துல உள்பக்கம் 3 மிமீ ஃபில்லெட் (மூலையை உருட்டிவிட்ட வளைவு), ஒரு காலுல ரெண்டு போல்ட், இன்னொரு கால் நுனியில லோடு. சாஃப்ட்வேர் தானா போட்ட 4 நோட் டெட்ல 0.31 மிமீ டிஸ்ப்ளேஸ்மென்ட் (நகர்வு), ஃபில்லெட்ல 85 மெகாபாஸ்கல் ஸ்ட்ரெஸ். அதையே 10 நோட் டெட்டா மாத்தினதும் 0.52 மிமீ, 142. அப்புறம் "ஹெக்ஸ் தான் சரி"ன்னு யாரோ சொன்னதால ரெண்டு நாள் உக்காந்து பார்ட்டை வெட்டி வெட்டி 8 நோட் ஹெக்ஸ், ரெடியூஸ்டு இன்டக்ரேஷன்ல (எலிமென்ட்டுக்குள்ள குறைஞ்ச பாயிண்ட்ல மட்டும் ஸ்ட்ரெய்னைக் கணக்குப் பார்க்கிற முறை) போட்டா 0.66 மிமீ, 98. கஷ்டப்பட்டு போட்ட ஹெக்ஸ் தானே சரியா இருக்கணும், அப்ப 98-ஐ எடுத்துக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. அதாவது ஒரு ரிசல்ட் கையில வந்ததும், இது பார்ட்டோட குணமா இல்ல எலிமென்ட்டோட குணமான்னு எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறதுன்னு கேக்குறீங்க. ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ்ல ரொம்ப வருஷமா இருக்கேன், பெரும்பாலும் ஸ்டாட்டிக், ஃபெட்டீக், வைப்ரேஷன். அந்த அனுபவத்துல சொல்றேன்.

முதல்ல நேரடி பதில்: 98-ஐ எடுத்துக்காதீங்க, 85-ஐ கண்டிப்பா எடுத்துக்காதீங்க. மூணுல உண்மைக்குப் பக்கத்துல இருக்கிறது 142 தான், அதுவும் இன்னும் முடிஞ்ச நம்பர் இல்ல. ஏன்னு கொஞ்சம் நிதானமா பார்ப்போம், ஏன்னா இது புரிஞ்சா அடுத்த பார்ட்டுக்கு நீங்க யாரையும் கேக்க வேண்டியிருக்காது.

எல்லா எலிமென்ட்டுக்கும் கேக்க வேண்டிய ஒரே கேள்வி, இதுக்குள்ள ஸ்ட்ரெய்ன் (மெட்டீரியல் எந்த விகிதத்துல நீளுது, சுருங்குதுங்கிற அளவு) எப்படியெல்லாம் மாற முடியும்ங்கிறது தான். 4 நோட் டெட்டுக்குள்ள ஸ்ட்ரெய்ன் மாறவே மாறாது, எலிமென்ட் முழுக்க ஒரே மதிப்பு. ஆனா உங்க பிராக்கெட் வளையும்போது தடிமனுக்குக் குறுக்கே ஒரு பக்கம் இழுவிசை, நடுவுல பூஜ்யம், மறுபக்கம் அழுத்தம்னு ஸ்ட்ரெய்ன் நேர்கோடா மாறுது. அந்த நேர்கோட்டை மாறாத துண்டுகளை வச்சு படிக்கட்டு மாதிரி தான் அந்த எலிமென்ட்டால காட்ட முடியும். அதோட பக்கத்துப் பக்கத்து டெட் எல்லாம் நோடுகளைப் பகிர்ந்துக்கிறதால ஒண்ணை ஒண்ணு பிடிச்சு இழுத்து, பார்ட் இருக்க வேண்டியதை விட விறைப்பா ஆயிடும். அதனால தான் 0.31. 10 நோட் டெட்ல விளிம்பு ஒவ்வொண்ணுலயும் நடுவுல ஒரு நோட் சேருது, டிஸ்ப்ளேஸ்மென்ட் இருபடியா மாறலாம், அதனால ஸ்ட்ரெய்ன் நேர்கோடா மாறலாம், பென்டிங் (வளைதல்) எதைக் கேக்குதோ அது எலிமென்ட்டுக்குள்ளயே இருக்கு. அதே மெஷ் சைஸ்ல 0.31 ஒரே தாவா 0.52 ஆனது இதனால தான். இதுல சந்தேகத்துக்கு இடமே இல்ல, பென்டிங் இருக்கிற பார்ட்டுக்கு 4 நோட் டெட்ல வந்த ஸ்ட்ரெஸ்ஸை வச்சு முடிவெடுக்கக் கூடாது.

எனக்கு இது மண்டையில ஏறினது ஒரு மோட்டார் மவுண்ட்ல. ஆரம்ப காலத்துல வேலை பார்த்த ஒரு இடத்துல அவசரத்துல 4 நோட் டெட்லயே மோடல் ரன் (பார்ட் தானா அதிரும் ஃப்ரீக்வென்சியைக் கண்டுபிடிக்கிற கணக்கு) பண்ணி முதல் ஃப்ரீக்வென்சி 210 ஹெர்ட்ஸ்னு ரிப்போர்ட் கொடுத்துட்டேன், டெஸ்ட்ல 162-ல அடிச்சது. மெட்டீரியல் தப்பா, போல்ட் லூசா, ஃபிக்ஸ்சர் ஆடுதான்னு எல்லாரும் தேடினாங்க. நான் ராத்திரி உக்காந்து அதே மெஷ்ஷை 10 நோடா மாத்தி ஓட்டினேன், 168 வந்தது. ஃப்ரீக்வென்சி ஸ்டிஃப்னஸோட, அதாவது விறைப்போட, வர்க்கமூலத்துல போகும், 210-க்கும் 168-க்கும் உள்ள விகிதத்தை வர்க்கப்படுத்தினா 1.56. அதாவது அந்த மவுண்ட்டை என் எலிமென்ட் ஒன்றரை மடங்குக்கு மேல விறைப்பா ஆக்கி வச்சிருந்தது. மிச்சம் இருந்த 6 ஹெர்ட்ஸ் தான் போல்ட் ஜாயிண்ட்டோட பங்கு.

சரி, ஹெக்ஸுக்கு வருவோம். 8 நோட் ஹெக்ஸ்னு ஒரே பேர்ல குறைஞ்சது மூணு வேற வேற பிறவிகள் இருக்கு, குழப்பம் எல்லாம் இங்க தான் ஆரம்பிக்குது. முதல் வகை, முழு இன்டக்ரேஷன், உள்ள 8 இன்டக்ரேஷன் பாயிண்ட். இதோட விளிம்புகள் நேராவே தான் இருக்க முடியும், வளையாது. பென்டிங்ல நிஜ மெட்டீரியலோட மேல் கீழ் விளிம்பு வில்லா வளையும், குறுக்குக்கோடு அதுக்குச் செங்குத்தாவே இருக்கும், ஷியர் (கோணம் மாறுற உருமாற்றம்) பூஜ்யம். எலிமென்ட்டால வில்லா வளைய முடியாததால அது சரிவகமா மாறுது, அந்த மாற்றத்துல இல்லாத ஒரு ஷியர் ஸ்ட்ரெய்ன் உண்டாகுது, கொடுத்த எனர்ஜியை அது தின்னுடுது. ஷியர் லாக்கிங்னு சொல்றது இதைத்தான். எவ்வளவு மோசம்னு கையாலேயே கணக்குப் போடலாம். 2டில தடிமன் முழுக்க ஒரே ஒரு 4 நோட் செவ்வகத்தை வச்சு சுத்தமான பென்டிங் கொடுத்தா, பாய்சான் ரேஷியோ (ஒரு பக்கம் இழுத்தா குறுக்கே எவ்வளவு சுருங்கும்ங்கிற விகிதம்) 0.3-க்கு, எலிமென்ட் சதுரமா இருந்தாலே 1.48 மடங்கு விறைப்பு. நீளம் தடிமனைப் போல 4 மடங்கா இருந்தா 7.25 மடங்கு, 10 மடங்கா இருந்தா கிட்டத்தட்ட 40 மடங்கு. 3டில எண் கொஞ்சம் மாறும், கதை அதே தான். மெல்லிசான பார்ட்ல நீள நீளமா ஹெக்ஸ் போட்டு அழகா இருக்குன்னு சந்தோஷப்படுறவங்க இந்த 40-ஐ ஒரு தடவை பார்க்கணும்.

ரெண்டாவது வகை உங்களோடது, ரெடியூஸ்டு இன்டக்ரேஷன், உள்ள ஒரே ஒரு பாயிண்ட், நட்ட நடுவுல. அந்தப் பொய்யான ஷியர் நடு மையத்துல பூஜ்யமா இருக்கிறதால லாக்கிங் போயிடுது, கணக்கும் வேகமா முடியும். ஆனா பென்டிங்ல நிஜமான நேர் ஸ்ட்ரெய்னும் அந்த எலிமென்ட்டோட நடு மையத்துல தானே பூஜ்யம், தடிமனுக்கு ஒரே அடுக்கு போட்டிருந்தா பென்டிங்கே அதுக்குத் தெரியாது. 8 நோடுக்கும் மூணு திசைன்னு 24 டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (நகர முடியிற வழிகள்), அதுல உருமாறாம மொத்தமா நகர்ற ரிஜிட் பாடி 6 போக 18, ஒரு பாயிண்ட் உணர்றது 6 ஸ்ட்ரெய்ன், மிச்சம் 12 உருமாற்றத்துக்கு எந்த எதிர்ப்பும் இல்ல. அது தான் ஹவர்கிளாஸ், மெஷ் மணற்கடிகாரம் மாதிரி ஜிக்ஜாக்கா போறது. சாஃப்ட்வேர் அதைத் தடுக்க செயற்கையா கொஞ்சம் ஸ்டிஃப்னஸ் சேர்க்கும். அந்தச் செயற்கை எனர்ஜி மொத்த ஸ்ட்ரெய்ன் எனர்ஜியில எத்தனை சதவீதம்னு அவுட்புட்ல எடுத்துப் பார்க்கணும், ஒண்ணு ரெண்டு சதவீதம்னா நிம்மதியா இருக்கலாம், 5-ஐத் தாண்டினா நான் அந்த மெஷ்ஷை ஒத்துக்க மாட்டேன். அந்த 5 என்னோட பழக்கம், விதி இல்ல.

இப்ப உங்க நம்பருக்கு வாங்க, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். தடிமன்ல எத்தனை அடுக்குன்னு நீங்க சொல்லலை, ஆனா ரெண்டு அடுக்கு தான் இருந்திருக்கும்னு நினைக்கிறேன். எப்படின்னா, n அடுக்கு ஒரு பாயிண்ட் ஹெக்ஸ் போட்டா, ஹவர்கிளாஸ் கன்ட்ரோலை விட்டுட்டுப் பார்த்தா, பென்டிங் ஸ்டிஃப்னஸ் நிஜத்துல 1 − 1/n² பங்கு தான் கிடைக்கும். ரெண்டு அடுக்குக்கு முக்கால் பங்கு. அப்ப டிஸ்ப்ளேஸ்மென்ட் 1.33 மடங்கா ஏறும். 10 நோட் டெட் கொடுத்த 0.52-ஐ 1.33-ஆல பெருக்கினா 0.69, உங்களுக்கு வந்தது 0.66. ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதே மாதிரி ஒரு கணக்கு இருக்கு. வெளி அடுக்கோட பாயிண்ட் மேற்பரப்புல இல்ல, அந்த அடுக்கோட நடுவுல இருக்கு. அங்க படிக்கிற ஸ்ட்ரெஸ் மேற்பரப்புல இருக்க வேண்டியதுல n/(n+1) பங்கு தான். ரெண்டு அடுக்குன்னா மூணுல ரெண்டு பங்கு. 142-ல மூணுல ரெண்டு பங்கு 95, உங்களுக்கு வந்தது 98. ஃபில்லெட், ஹவர்கிளாஸ் கன்ட்ரோல், லோடுல ஒரு பகுதி நேர் இழுவிசையா போறது எல்லாம் சேர்ந்து அந்தச் சின்ன வித்தியாசத்தைக் கொடுத்திருக்கலாம். டிஸ்ப்ளேஸ்மென்ட் கூடுதலாவும் ஸ்ட்ரெஸ் குறைவாவும் ஒரே நேரத்துல வந்தா, அது ரெடியூஸ்டு இன்டக்ரேஷன் அடுக்கு பத்தாம கத்துறதுன்னு எடுத்துக்கலாம். லாக்கிங்னா ரெண்டும் சேர்ந்து குறையும், உங்க 4 நோட் டெட்ல பார்த்த மாதிரி. என் அனுமானம் தப்பா இருந்து நீங்க நாலு அடுக்கு போட்டிருந்தீங்கன்னா வேற எங்கயோ கோளாறு, லோடு இல்ல கன்ஸ்ட்ரெய்ன்ட் ரெண்டு மாடல்லயும் ஒண்ணா இருக்கான்னு பார்க்கணும்.

நான் சொல்றதை நம்ப வேண்டாம், நீங்களே அரை மணி நேரத்துல பார்த்துக்கலாம். 100 மிமீ நீளம், 10க்கு 10 குறுக்குவெட்டு, ஒரு முனை பிடிச்சு இன்னொரு முனையில 100 நியூட்டன், யங்ஸ் மாடுலஸ் (மெட்டீரியலோட விறைப்பு) 200000 மெகாபாஸ்கல். பீம் ஃபார்முலாப்படி நுனியில 0.2 மிமீ இறங்கும் (ஷியரைச் சேர்த்தா இன்னும் 0.0016 கூடும்), பிடிமானத்துல மேற்பரப்பு ஸ்ட்ரெஸ் 60 மெகாபாஸ்கல். இதுல ஒரு பாயிண்ட் ஹெக்ஸ் ரெண்டு அடுக்குன்னா மேல சொன்ன கணக்குப்படி 0.267 மிமீ, 40 மெகாபாஸ்கல். நாலு அடுக்குன்னா 0.213, 48. எட்டு அடுக்குன்னா 0.203, 53 சொச்சம். பாருங்க, எட்டு அடுக்குல டிஸ்ப்ளேஸ்மென்ட் ரெண்டு சதவீதத்துக்குள்ள வந்துடுச்சு, ஸ்ட்ரெஸ் இன்னும் பத்து சதவீதத்துக்கு மேல குறைவு. டிஸ்ப்ளேஸ்மென்ட் கன்வர்ஜ் ஆயிடுச்சுன்னு (மெஷ்ஷை நுணுக்கினாலும் இனி மாறலைன்னு) ஸ்ட்ரெஸ்ஸை நம்பிடுறவங்க நிறைய பேர், அந்த நம்பிக்கை எங்க உடையும்னு இந்த ஒரு பீம் காட்டிடும். நீங்க ஓட்டும்போது ஹவர்கிளாஸ் கன்ட்ரோலால எண் கொஞ்சம் முன்னப்பின்ன வரும், பிடிமானத்துக்குப் பக்கத்துல படிக்காம நடு நீளத்துல படிச்சு அங்க வர்ற மொமென்ட்டுக்கான ஸ்ட்ரெஸ்ஸோட ஒப்பிடுங்க, அங்க 30 வரணும், பிடிமான முனையோட தொந்தரவு இருக்காது. புதுசா ஒரு சாஃப்ட்வேரோ, பேர் தெரியாத ஒரு எலிமென்ட்டோ கையில வந்தா நான் முதல்ல பண்றது இந்த பீம் தான், இன்னிக்கும்.

மூணாவது வகை ஹெக்ஸ் தான் பென்டிங்குக்கு ஏத்தது. முழு இன்டக்ரேஷன் வச்சுக்கிட்டு, எலிமென்ட்டுக்குள்ள மட்டும் வாழுற கூடுதல் உருமாற்றங்களைச் சேர்த்து அந்தப் பொய் ஷியரை அடிச்சு விடுறது. வில்சனும் கூட்டாளிகளும் 1973-ல இந்த இன்கம்பாட்டிபிள் மோட் யோசனையைக் கொடுத்தாங்க, ஆனா கோணலான எலிமென்ட்ல அது பேட்ச் டெஸ்ட்டை (சீரான ஸ்ட்ரெய்னை எலிமென்ட் சரியா காட்டுதாங்கிற அடிப்படைச் சோதனையை) பாஸ் பண்ணலை, டெய்லர் 1976-ல சேர்ந்து அதைச் சரி பண்ணினாங்க, 1990-ல சிமோ, ரிஃபாய் அதை என்ஹான்ஸ்டு ஸ்ட்ரெய்ன்னு ஒரு ஒழுங்கான அடித்தளத்துல வச்சாங்க. இந்த வகை ஒரே அடுக்குலயே நம்ம பீமைக் கிட்டத்தட்ட சரியா காட்டும், எலிமென்ட் செவ்வகமா இருக்கிற வரைக்கும். கோணல் ஆக ஆக அந்த நன்மை கரையும், குறிப்பா பக்கவாட்டுல இருந்து பார்த்தா சரிவகமா இருக்கிற எலிமென்ட்ல பழையபடி விறைப்பு திரும்பி வந்துடும். 1985-ல மேக்நீல், ஹார்டர் ரெண்டு பேரும் கொடுத்த டெஸ்ட் தொகுப்புல இருக்கிற மெல்லிய பீமை செவ்வகம், சரிவகம், இணைகரம்னு மூணு விதமா மெஷ் பண்ணச் சொன்னது இந்தப் பலவீனத்தைப் பிடிக்கத்தான்.

உங்க சாஃப்ட்வேர்ல இது என்ன பேர்ல இருக்குன்னு கண்டிப்பா மேனுவல்ல பாருங்க, டிஃபால்ட் ஒவ்வொண்ணுலயும் வேற. அபாகஸ்ல சி3டி8ஆர்ங்கிறது ஒரு பாயிண்ட் வகை, அங்க ஹெக்ஸ் போட்டா தானா வர்றது அது தான். கடைசியில ஆர் இருக்கிற இடத்துல ஆங்கில ஐ எழுத்து வந்தா இன்கம்பாட்டிபிள் மோட். கால்குலிக்ஸ்லயும் அதே பேர்கள். ஆன்சிஸ்ல சாலிட்185-ங்கிற ஒரே எலிமென்ட்டுக்குள்ளயே கீஆப்ஷனை (எலிமென்ட்டோட செட்டிங்கை) மாத்தினா இந்த எல்லா வகையும் வரும், அதோட டிஃபால்ட்ல இருக்கிற பி-பார் முறை வால்யூமெட்ரிக் லாக்கிங்கை (கன அளவு மாறாத மெட்டீரியல்ல வர்ற பொய் விறைப்பை) தான் தீர்க்கும், ஷியர் லாக்கிங்கைத் தீர்க்காது. சாலிட்187 தான் 10 நோட் டெட், சாலிட்186 20 நோட் ஹெக்ஸ். அதனால "நான் ஹெக்ஸ்8-ல பண்ணேன்"னு ஒருத்தர் சொன்னா எனக்கு அதுல பாதி தகவல் தான் கிடைச்ச மாதிரி.

அப்ப "ஹெக்ஸ் தான் எப்பவும் சரி"ங்கிற பேச்சு எங்கேருந்து வந்தது? ஒரு காலத்துல அது நியாயமான பேச்சு தான். மெமரி குறைவு, ஒரு ஹெக்ஸை உடைச்சா அஞ்சாறு டெட் ஆகும், அதனால அதே அளவு மெஷ்ல டெட் எண்ணிக்கை பல மடங்கு போகும், அந்த டெட்டும் 4 நோட் தான்னா விறைப்பு வேற. ஒப்பீடு எப்பவும் நல்ல ஹெக்ஸுக்கும் மோசமான டெட்டுக்கும் நடந்தது. 10 நோட் டெட்டோட ஒப்பிட்டா, உங்க பிராக்கெட் மாதிரி லீனியர் ஸ்டாட்டிக் வேலையில மெஷ் போதுமான அளவு நுணுக்கமா இருந்தா ரெண்டும் ஒரே விடைக்குத் தான் வரும். 20 நோட் ரெடியூஸ்டு ஹெக்ஸ் (8 பாயிண்ட்) என் கணக்குல ஒரு டிகிரி ஆஃப் ஃப்ரீடமுக்கு மிகத் துல்லியமான ஸ்ட்ரெஸ்ஸைக் கொடுக்கிற எலிமென்ட், வழவழன்னு இருக்கிற நாட்ச், நாசில், ஷாஃப்ட் இதுக்கெல்லாம் கை கொடுக்கும், சுலபமா ஹெக்ஸ் மெஷ் ஆகுற பார்ட்டா இருந்தா நானே அதைத் தான் எடுப்பேன். ஆனா அதுக்காக ரெண்டு நாள் பார்ட்டை வெட்ட வேண்டியதில்லைங்கிறது என் அபிப்பிராயம், இதுல எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க. அந்த ரெண்டு நாளை லோடும் போல்ட் பிடிமானமும் நிஜத்தைப் போல இருக்கான்னு பார்க்கிறதுல செலவழிச்சா பலன் பல மடங்கு, அங்க வர்ற தப்பு 30, 40 சதவீதம்னு சர்வசாதாரணமா போகும்.

10 நோட் டெட்டுக்கும் குறை உண்டு. நடு நோட் வளைந்த ஃபில்லெட் பரப்பு மேல ஒட்டும்போது மெஷ் பெருசா இருந்தா எலிமென்ட் உள்பக்கமா மடங்கி ஜேகோபியன் (எலிமென்ட் வடிவம் புரண்டிருக்கான்னு காட்டுற எண்) நெகட்டிவ் ஆகும், சாஃப்ட்வேர் திட்டும், இல்ல அந்த இடத்துல விளிம்பை நேராக்கிட்டு சொல்லாம போயிடும். இன்னொண்ணு கான்டாக்ட், அதாவது ரெண்டு பார்ட் ஒண்ணை ஒண்ணு தொடுற இடம். ஒரு சீரான பிரஷரை நோட் விசையா பிரிச்சா 10 நோட் டெட்டோட முக்கோண முகத்துல மூணு மூலைக்கும் பூஜ்யம், மூணு நடு நோடுக்கும் மூணுல ஒரு பங்கு. 20 நோட் ஹெக்ஸ் முகத்துல இன்னும் விசித்திரம், நடு நோட் நாலுக்கும் மொத்தத்துல மூணுல ஒரு பங்கு, மூலை நாலுக்கும் எதிர்த்திசையில 12-ல ஒரு பங்கு. அமுக்குறது சீரா, ஆனா மூலை நோட் இழுக்குது! நோடை ஒவ்வொண்ணா பார்த்து ஒட்டியிருக்கா விலகியிருக்கான்னு முடிவு பண்ற பழைய கான்டாக்ட் முறை இதுல தடுமாறும். பரப்புக்குப் பரப்பு கான்டாக்ட் வந்த பிறகு இந்தத் தொல்லை பெரும்பாலும் ஓஞ்சது, அதனால கான்டாக்ட் இருந்தாலே இருபடி எலிமென்ட் கூடாதுங்கிற பழைய அறிவுரையை இப்ப அப்படியே எடுத்துக்க வேண்டியதில்லை, உங்க கான்டாக்ட் செட்டிங் எந்த வகைன்னு மட்டும் பார்த்துக்கங்க.

அடுத்து அடியில ரப்பர் பேடைச் சேர்க்கப் போறேன், பாய்சான் ரேஷியோ 0.4999 போடச் சொல்றாங்கன்னு எழுதியிருந்தீங்க. இங்க விளையாட்டே வேற, ஷியர் லாக்கிங்கைப் பத்தி மேல சொன்னது எதுவும் உதவாது. கன அளவை மாத்த எவ்வளவு எதிர்ப்புங்கிறது பல்க் மாடுலஸ், அது யங்ஸ் மாடுலஸை 3(1 − 2ν)-ஆல வகுத்தது. 0.3-க்கு 0.83 மடங்கு, 0.49-க்கு 17 மடங்கு, 0.4999-க்கு 1667 மடங்கு. எலிமென்ட்டோட ஒவ்வொரு இன்டக்ரேஷன் பாயிண்ட்டும் "இங்க கன அளவு மாறக் கூடாது"ன்னு ஒரு நிபந்தனை போடுது, நிபந்தனைகள் நோடுகளோட சுதந்திரத்தை மிஞ்சிட்டா ரப்பர் கல்லாயிடும். இதுக்கு பிரஷரைத் தனி அறியாத மதிப்பா வச்சுத் தீர்க்கிற ஹைப்ரிட் இல்ல மிக்ஸ்டு எலிமென்ட் தான் மருந்து, அபாகஸ்ல பேர் கடைசியில எச் வரும், ஆன்சிஸ்ல மிக்ஸ்டு யு-பி ஆப்ஷன். பேடை மட்டும் அதுல போட்டு பிராக்கெட்டை சாதா 10 நோட் டெட்லயே வச்சுக்கலாம். லாக்கிங் இருக்கான்னு கண்ணால பிடிக்க பிரஷர் பிளாட்டைப் பாருங்க, பக்கத்துப் பக்கத்து எலிமென்ட்ல ஒண்ணு ரொம்ப அதிகம் ஒண்ணு ரொம்பக் குறைவுன்னு சதுரங்கப் பலகை மாதிரி தெரிஞ்சா அது தான். இதே வியாதி உலோகத்துலயும் வரும், பிளாஸ்டிக் உருமாற்றம் பெருசா போகும்போது உலோகமும் கன அளவை மாத்தாது, அதனால எலாஸ்டிக்ல ஒழுங்கா இருந்த முழு இன்டக்ரேஷன் 20 நோட் ஹெக்ஸ் பெரிய பிளாஸ்டிக் ஸ்ட்ரெய்ன்ல விறைச்சுக்கும். அங்க ரெடியூஸ்டு வகை நல்லா நடந்துக்கும்.

இன்னொரு விஷயம், எந்த எலிமென்ட்டாலும் தீர்க்க முடியாதது. உங்க போல்ட் ஓட்டை விளிம்பை மொத்தமா ஃபிக்ஸ் பண்ணியிருந்தீங்கன்னா, அங்க வர்ற ஸ்ட்ரெஸ் மெஷ்ஷை நுணுக்க நுணுக்க ஏறிக்கிட்டே தான் போகும், ஃபில்லெட் இல்லாத உள் மூலையும் அப்படித்தான். கணிதமே அங்க முடிவிலிக்குப் போகுது. ஃபில்லெட் அப்படி இல்ல, அங்க ஒரு நிஜமான முடிவான மதிப்பு இருக்கு, நுணுக்கினா ஏறி ஒரு இடத்துல நிக்கும். அதனால மேக்சிமம் ஸ்ட்ரெஸ்னு சாஃப்ட்வேர் காட்டுற ஒரே நம்பரை எடுக்காம, அது எந்த இடத்துல இருக்குன்னு பார்த்துட்டு எடுங்க. மூணு ரன்லயும் உங்க மேக்சிமம் ஃபில்லெட்ல தான் இருந்ததுன்னு எழுதியிருக்கீங்க, அதை நம்பித்தான் இவ்வளவும் சொல்றேன்.

கிராஷ், டிராப் மாதிரி எக்ஸ்ப்ளிசிட் (நேரத்தைச் சின்னச் சின்ன ஸ்டெப்பா நகர்த்திக் கணக்குப் போடுற) வேலை நான் அதிகம் பண்ணதில்ல, அதனால அங்க என் வார்த்தையைப் பெருசா எடுத்துக்காதீங்க. அங்க டைம் ஸ்டெப்பைச் சின்ன எலிமென்ட் தீர்மானிக்கும், ஸ்டீல்ல ஒலி நொடிக்கு சுமார் 5000 மீட்டர் போறதால 1 மிமீ எலிமென்ட்டுக்கு 0.2 மைக்ரோ செகண்ட் தான் கிடைக்கும், அதனால ஒரு பாயிண்ட் 8 நோட் ஹெக்ஸ் அங்க ராஜா, ஹவர்கிளாஸைக் கண்காணிச்சுக்கிட்டே ஓட்டுவாங்க. மெல்லிசான ஷீட் பார்ட்டா இருந்தா சாலிட்டே வேண்டாம், ஷெல் (தடிமனை ஒரு எண்ணா மட்டும் வச்சுக்கிற பரப்பு எலிமென்ட்) போடுங்க. உங்க பிராக்கெட் 4 மிமீ, ஆனா நீங்க தேடுறது ஃபில்லெட் ஸ்ட்ரெஸ், ஷெல்லுக்கு ஃபில்லெட்டோட உள் முகம்னு ஒண்ணு தெரியாது, அதனால சாலிட் தான் சரி.

உங்க பார்ட்டுக்கு நான் செய்யறதா இருந்தா, ஹெக்ஸ் மெஷ்ஷை ஓரமா வச்சுட்டு 10 நோட் டெட்டையே எடுத்துக்குவேன். பிராக்கெட் முழுக்க தடிமனுக்கு ரெண்டு எலிமென்ட் வர்ற மாதிரி 2 மிமீ சைஸ், ஃபில்லெட்ல மட்டும் அந்த 90 டிகிரி வில்லுக்கு ஆறு எலிமென்ட். 3 மிமீ ஆரத்துல அந்த வில்லோட நீளம் 4.7 மிமீ, அப்ப ஒண்ணு சுமார் 0.8 மிமீ. ஓட்டிட்டு, அடுத்து ஃபில்லெட்டை 0.4 ஆக்கி இன்னொரு தடவை. ரெண்டுலயும் பக்கத்து எலிமென்ட்டுகளோட ஆவரேஜ் பண்ணாத ஸ்ட்ரெஸ்ஸையும் ஆவரேஜ் பண்ணதையும் ஃபில்லெட்ல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ரெண்டுக்கும் 5 சதவீதத்துக்கு மேல இடைவெளி இருந்தா மெஷ் இன்னும் பத்தலைன்னு அர்த்தம் (இந்த 5-ம் பழக்கத்துல வந்தது தான், ஃபெட்டீக் கணக்குக்கு நான் இதை விடக் கடுமையா இருப்பேன், ஏன்னா ஸ்ட்ரெஸ்ல 10 சதவீதம் ஆயுள்ல பாதியைக் கூட மாத்திடும்). ரெண்டு ரன்லயும் ரியாக்ஷன் ஃபோர்ஸ் (பிடிமானத்துல வர்ற எதிர்விசை) கூட்டுத்தொகை கொடுத்த லோடுக்குச் சமமா இருக்கணும். டிஸ்ப்ளேஸ்மென்ட் 0.52-லேருந்து பெருசா நகராது, 0.53-க்குள்ள நிக்கும்னு எதிர்பார்க்கிறேன், ஏன்னா போதுமான இன்டக்ரேஷனோட இருக்கிற சாதாரண டிஸ்ப்ளேஸ்மென்ட் எலிமென்ட் லோடு கொடுத்த இடத்துல எப்பவும் கீழேருந்து தான் நிஜத்தை நெருங்கும், 142-ம் ஏறத்தான் வாய்ப்பு அதிகம். எவ்வளவு ஏறும்ங்கிறது இப்ப உங்க ஃபில்லெட்ல எத்தனை எலிமென்ட் இருக்குங்கிறதைப் பொறுத்தது, ரெண்டே ரெண்டு தான் இருந்ததுன்னா 150-ஐத் தாண்டினாலும் ஆச்சரியப்பட மாட்டேன், அதனால அலுமினிய கிரேடோட யீல்டு (நிரந்தரமா உருமாற ஆரம்பிக்கிற ஸ்ட்ரெஸ்) எவ்வளவுன்னு பார்த்து மார்ஜின் போடுறதை அந்த 0.4 மிமீ ரன் முடியிற வரைக்கும் தள்ளி வைங்க.